கோட்டைக்கு ஒரு காலைல கேமராவோட வாங்க, செட்டிங் எல்லாம் அங்கயே புரிஞ்சிடும்

புதுசா கேமரா வாங்குன பசங்க எங்கிட்ட கேக்குற முதல் கேள்வியே "அண்ணா, அடுத்து இன்னா லென்ஸ் வாங்கலாம்"ன்றதுதான், ஆனா டயல பாத்தா இன்னும் பச்சை ஆட்டோலயே இருக்கும். லென்ஸ் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. கேமராவோட கூட வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ் போதும், அத மாட்டிகினு ஒரு ஞாயித்துக்கெழம காலைல வேலூர் கோட்டைக்கு வந்துடுங்க. நம்ம ஊர் வெயில்ல பதினோரு மணிக்கு மேல நீங்களும் தாங்க மாட்டீங்க, படமும் வெளிறிப் போயிடும்.

முதல் வேலை, டயல ஏவி-ல வைங்க. கேனான்ல ஏவி, நிக்கான்லயும் சோனிலயும் வெறும் ஏ. இதுல அப்பர்ச்சர், அதாவது லென்ஸுல வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை, நம்ம கையில. ஷட்டர், அதாவது வெளிச்சம் எவ்ளோ நேரம் உள்ள வரணும்ன்றத கேமராவே பாத்துக்கும். ஐஎஸ்ஓ-ன்னா வெளிச்சத்த கேமரா எவ்ளோ ஏத்திக் காட்டணும்ன்ற நம்பர், அத ஆட்டோல விடாம 100ல வைங்க. எல்லாத்தையும் நாமளே வைக்கிற மேனுவல்ல எடுத்தாதான் போட்டோகிராபர்னு சொல்றவங்க சொல்லிகினே இருக்கட்டும், நான் இன்னைக்கும் பாதி படம் ஏவிலதான் எடுக்குறேன்.

இப்ப அகழிக்கு வெளிய நின்னுகினு லென்ஸ 18க்கு திருப்புங்க, அப்பர்ச்சர எஃப் 8ல வைங்க. தண்ணி, மதில், வானம் மூணும் ஒரே படத்துல வந்துடும். வெயில் நல்லா ஏறியிருந்தா ஷட்டர் 1/400, 1/500 செகண்டு பக்கம் காட்டும். பிலிம் காலத்து ஆளுங்க இத வெளிச்சம் அளக்குற மீட்டரே இல்லாம சொல்லுவாங்க: பளிச்சுனு வெயில் அடிச்சா எஃப் 16, ஐஎஸ்ஓ 100க்கு ஷட்டர் 1/100. 16லருந்து 11, 11லருந்து 8னு ரெண்டு படி தொறந்தா வெளிச்சம் நாலு மடங்கு, அப்ப ஷட்டரும் நாலு மடங்கு வேகமா மூடணும், அவ்ளோதான் கணக்கு.

நம்பர் கம்மியானா ஓட்டை ஏன் பெருசாவுதுன்னு எல்லாருக்கும் இங்கதான் குழம்பும். அது வகுத்தல், லென்ஸோட எம்எம்-அ எஃப் நம்பரால வகுக்கணும். 50 எம்எம்-ல எஃப் 2ன்னா ஓட்டை 25 எம்எம், எஃப் 10ன்னா 5 எம்எம். ஒரு கிலோ பிரியாணிய ரெண்டு பேரு பங்கு போட்டா ஒரு பங்கு எவ்ளோ, பத்து பேரு போட்டா எவ்ளோ, அதே மாதிரிதான்.

அடுத்து உள்ள போயி ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். படம் எடுக்கலாமான்னு அங்க இருக்குறவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கங்க, சன்னதி பக்கம் கேமராவ தூக்கவே வேணாம். தூண்ல யாளி இருக்கும் பாருங்க, வாய்க்குள்ள நிழல் கட்டிகினு. லென்ஸ 55க்கு திருப்பி ஃபிரேம் முழுக்க அந்த கல்லு வர்ற மாதிரி எடுங்க. ஸ்க்ரீன்ல பாத்தா கரும்பாறை சாம்பல் பூசுன மாதிரி வெளுத்து, வாய்க்குள்ள இருந்த நிழலும் பாதி போயிருக்கும். கேமரா கெட்டுப்போகல. அதுக்கு கருங்கல்லும் தெரியாது வெள்ள வேட்டியும் தெரியாது, எத காட்டுனாலும் நடுத்தர சாம்பலாதான் கொண்டாந்து நிறுத்தும். பிளஸ் மைனஸ் பட்டன அழுத்தி மைனஸ் 1 வைங்க, கல்லு கல்லா வரும். வெள்ள வேட்டி கட்டுன தாத்தாவ கிட்டத்துல எடுக்கும்போது பிளஸ் 1. எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆச்சு, யாரும் சொல்லித்தரல.

மண்டபத்துல இன்னொண்ணு கவனிங்க, 55ல இந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல தொறக்காது, ஷட்டர் 1/15க்கு எறங்கிடும், கை ஆடுனா படம் போச்சு. ஐஎஸ்ஓ-வ 100லருந்து 200, 400, 800னு ஏத்துங்க, ஷட்டர் 1/30, 1/60, 1/125னு ஏறும். கொஞ்சம் பொரி பொரியா நாய்ஸ் வரும், வரட்டும். மாமா பொண்ணு நிச்சயதார்த்தத்துல நாய்ஸுக்கு பயந்து 100லயே எடுத்து, மாலை போடுற படம் முழுக்க ரெண்டு ரெண்டு கையா வந்துச்சு, அத்தை இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. நாய்ஸ் இருந்தா படம்னு ஒண்ணு மிஞ்சும், ஆடிப்போனா ஒண்ணுமில்ல.

இப்ப லென்ஸ் பேச்சு. எல்லாரும் சொல்ற 50 எம்எம் எஃப் 1.8, விலையும் கம்மி, 5.6ஓட பாத்தா கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள விடும், பின்னாடி இருக்குறது பஞ்சு மாதிரி மங்கிடும். ஆனா ஜூம் கெடையாது, சின்ன சென்சார் (படம் பதியுற சில்லு) இருக்குற கேமராவுல அது 75, 80 மாதிரி நெருக்கமாதான் காட்டும். வாங்குறதுக்கு முன்னாடி 18-55அ 50ல வச்சு டேப் ஒட்டிட்டு வீட்டுக்குள்ள ஒரு நாள் எடுத்துப் பாருங்க. அம்மா அடுப்பாண்ட நிக்கிறத எடுக்க பின்னாடி போயி போயி முதுகு சுவத்துல முட்டுச்சுன்னா, 50 வேணாம், 35 பாருங்க.