வாளையார் தாண்டி வருகிறவர்களுக்கு: வாழ்த்துச் சொல்லும் முன்

கரூரிலிருந்து வாளையார் எல்லையைத் தாண்டி, கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு வீடு மாற்றி நாலு வருடம் ஆகிறது. "கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கு, அதெல்லாம் ஒரு வெளியூரா?" என்று மாமியார் கேட்டார். வெளியூர்தான் அத்தை. தீபாவளியன்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால், தெருவில் ஒரு வெடிச் சத்தம் கிடையாது. அப்போது தெரியும்.

காகித வேலைகள் பெரிதாக ஒன்றுமில்லை. வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், கேஸ் இணைப்பை மாற்றுங்கள். தமிழ்நாட்டு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டுவதானால் பதிவையும் மாற்றியாக வேண்டும். முக்கால்வாசி வேலைக்கு அக்ஷயா சென்டருக்கு (நம் ஊர் இ-சேவை மையம் மாதிரி) போனால் வழி சொல்லிவிடுவார்கள். அங்கே தமிழிலேயே பேசலாம், பாலக்காட்டில் யாருக்குத்தான் தமிழ் புரியாது?

அந்தப் புரிதல்தான் வம்பு. அவர்களுக்கு நம் பேச்சு புரிகிறது என்பதால், அவர்கள் பேச்சும் நமக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் சுலபமானவை. ஓணத்துக்கு எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லலாம், மதம் பார்க்க வேண்டாம். "ஓணாசம்சகள்" என்றால் போதும். விஷு சில வருடம் நம் சித்திரை ஒன்றாம் தேதியன்றே வரும், சில வருடம் மறுநாள் வரும். 2023-ல் நமக்கு ஏப்ரல் 14, அவர்களுக்கு 15. ஒருநாள் முன்னாலேயே போய்ச் சொன்னால், "நாளை அல்லே?" என்று சிரிப்பார்கள். பரவாயில்லை, விஷுவன்று பெரியவர்கள் கொடுக்கிற காசு, கைநீட்டம், உங்கள் பிள்ளைக்கும் கிடைக்கும்.

நாம் ரம்ஜான் என்று சொல்கிற பண்டிகை இங்கே செறிய பெருந்நாள், பக்ரீத் பலி பெருந்நாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்து நோன்புப் பெருநாளை முடிவு செய்யாதீர்கள். பிறை பார்த்து இங்கே தனியாக அறிவிப்பார்கள். 2024-ல் கேரளத்தில் ஏப்ரல் 10, தமிழ்நாட்டில் 11. அந்த வருடம் நான் மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு இத்தாவிடம் "ஈத் முபாரக்" என்றபோது, அவர் முந்தின நாள் பிரியாணிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் 25 நாள் நோன்பு இருக்கிற வீடுகள் உண்டு, இறைச்சி தொட மாட்டார்கள். டிசம்பரில் ஆசையாகக் கோழிக் குழம்பு கொண்டுபோய் நீட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். புனித வெள்ளிக்கு இங்கே துக்க வெள்ளி என்றே பெயர், அதற்குமா 'ஹாப்பி' போடுவார்கள் என்று கேட்காதீர்கள், எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு ஒருவர் போட்டார். கர்க்கிடக வாவு நம் ஆடி அமாவாசைதான். முன்னோருக்குப் பலி இடுகிற நாள், அதற்கும் வாழ்த்து வேண்டாம்.

இனி என் கதை. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரச் சேச்சி, சிரியன் கிறிஸ்தவர்கள். வந்து மூன்றாவது மாதம், மாடிப்படியில் துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "மோளே, நாளெ அப்பச்சன்றெ ஆண்டாணு. உச்சைக்கு ஊணு இவிடெ." மத்தியானச் சாப்பாடு இங்கே என்கிறார்.

அப்பச்சன் என்றால் தாத்தா என்று எனக்குத் தெரியும். கீழே திண்ணையில் தினமும் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஆண்டு என்றால் ஆண்டு. எங்கள் ஊரில் குழந்தைக்கு ஆண்டு நிறைவு கொண்டாடுவோம், இவர்கள் பெரியவருக்கும் கொண்டாடுகிறார்கள் போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்க வீட்டுக்காரர் பேக்கரியில் ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட் சொன்னார். மேலே இங்கிலீஷில் 'ஹாப்பி பர்த்டே அப்பச்சன்' என்று சிவப்பு க்ரீமில் எழுத வைத்தது நான்தான். பட்டுப்புடவை கட்டி, ஊரிலிருந்து வந்த மல்லிகையை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

கூடத்தில் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து நீட்டிவிட்டேன். திண்ணைப் பெரியவர் கண்ணாடியை ஏற்றி எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அங்கே மாலை போட்ட படம், முன்னால் எரிகிற மெழுகுவர்த்தி. அதுதான் அப்பச்சன். இவர் அவருடைய தம்பி.

சேச்சி இரண்டு கையாலும் பெட்டியை வாங்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, "இரிக்கு மோளே, கழிச்சிட்டு போகாம்" என்றார். உட்காரு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு இறங்கவே இல்லை.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். வருடம் என்பதற்கு இங்கே கொல்லம் என்பார்கள், வர்ஷம் என்பார்கள். இன்னாருடைய ஆண்டு என்று யாராவது சொன்னால் அது திதி. இந்துக்களிடம் ஆண்டுபலி, முஸ்லிம்களிடம் ஆண்டு நேர்ச்சை, எல்லாம் இறந்தவர்களை நினைத்துச் செய்வது. சாத்தம் என்றாலும் அதேதான், நம் சிராத்தம். அடியந்திரம் இன்னும் மோசம். அவசரம் என்றும் பொருள், இறந்தவர் வீட்டில் போடுகிற சாப்பாடு என்றும் பொருள். கூப்பிட்டால் போங்கள், போகாமல் இருப்பதுதான் தப்பு. சாதாரணப் புடவையில், பூ இல்லாமல், வெறுங்கையோடு போய், "எத்ர கொல்லமாயி?", எத்தனை வருடம் ஆயிற்று, என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே பேசுவார்கள்.

நம் பண்டிகைகளை இவர்கள் விடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டு மாவட்டத்துக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை உண்டு. வந்த வருடம் மொட்டை மாடியில் நான் தனியாகப் பானை வைத்தபோது சேச்சியும் திண்ணைப் பெரியவரும் மேலே வந்து நின்றார்கள். பொங்கி வழிந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் பெரியவர் கைதட்டினார்.

அடுத்த வருடம் அதே மாடிப்படி. சேச்சி முகத்தில் சிரிப்பு இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மோளே, நாளெ அப்பச்சன்றெ ஆண்டாணு. வரணம். கேக்கு வேண்டா."