நாய்க்குச் சொறி: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நான்கு மாதக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டியிருக்கிறது. “அரிப்புக்கு ஒரு ஊசி போட்டாச்சுக்கா, இப்போ நல்லாத் தூங்குது” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

குளிப்பாட்டுவது, படுக்கையைத் துவைப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாச் சொறியும் ஒன்று என்று நினைப்பது

மருத்துவர்கள் மைட் என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு. சார்கோப்டிஸ் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். அரிப்பு தாங்க முடியாது, நாய் ராத்திரி தூங்காது. காது ஓரம், முழங்கை, அடிவயிறு இங்கெல்லாம் முதலில் தெரியும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ சிவந்த பருக்கள் வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மனிதத் தோலில் இது பெருக முடியாது. நாய்க்குக் குணமானால் நமக்கும் அடங்கிவிடும்.

டெமோடெக்ஸ் வேறு கதை. மயிர்க்காலுக்குள் வாழும் இது, ஆரோக்கியமான நாய்களிடமும் இருக்கும். பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால்தான் கட்டுமீறிப் பெருகும். கண், வாய், முன்னங்கால் பக்கம் முடி கொட்டும். தொடக்கத்தில் அரிப்பே இருக்காது. தோலில் சீழ் பிடித்த பிறகுதான் அரிக்கும். மனிதருக்குத் தொற்றாது.

அரிப்பை மட்டும் அடக்குவது

என் நாய் செவலைக்கு அப்போது ஐந்து மாதம். இடது கண்ணுக்கு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி இல்லை. படர்தாமரை என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த களிம்பைத் தடவினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது எனக்குத் தெரியாது. சிவப்பு அடங்கியது. அப்புறம் முன்னங்காலிலும் வந்தது, சொறியவும் ஆரம்பித்தாள். மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றார். துளி ரத்தம் வரும் என்றதும் பயந்துபோய், “அதெல்லாம் வேண்டாம் சார், அரிப்புக்கு மட்டும் ஊசி போடுங்க” என்று கெஞ்சினது நான்தான்.

இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றே வாரத்தில் முகம் முழுக்க முடி போய்விட்டது. பாதங்கள் வீங்கி, விரலிடுக்கில் சீழ் கசிந்தது. நடக்க முடியாமல் வாசலிலேயே படுத்துக் கிடந்தாள்.

ஸ்டீராய்டு அரிப்பை நிறுத்துவது உடம்பின் எதிர்ப்பை அடக்கித்தான். டெமோடெக்ஸைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் அதே எதிர்ப்புதான். காவலைத் தூக்கிவிட்டால் பூச்சி பெருகத்தானே செய்யும்? எனக்கு இன்றும் ஆறாதது என்னவென்றால், குட்டிக்கு ஓரிரு இடத்தில் மட்டும் வரும் டெமோடெக்ஸ் பெரும்பாலும் மருந்தே இல்லாமல் சில மாதங்களில் ஆறிவிடும். செவலையின் அந்த ஒரு ரூபாய் வட்டத்தை நான் தொடாமல் விட்டிருந்தாலே போதும். ஏழு மாத வைத்தியம் மிச்சமாகியிருக்கும்.

அதனால் ஊசியோ களிம்போ, “இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே பல நாளாக மாத்திரை கொடுத்து வந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். தோலைச் சுரண்டிப் பார்ப்பதை மட்டும் மறுக்காதீர்கள். தோலை இறுக்கிப் பிடித்துச் சுரண்டுவார்கள், ஒரு நிமிட வேலை. டெமோடெக்ஸ் பெரும்பாலும் அதில் சிக்கிவிடும். சார்கோப்டிஸ் பல நேரம் சிக்காது. ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அறிகுறியை வைத்தே மருந்து தொடங்குவார்கள்.

கழிவு ஆயில்

வண்டியிலிருந்து எடுத்த பழைய ஆயிலைச் சொறிக்குத் தடவாதீர்கள். நாய் நக்கி விழுங்கும். மண்ணெண்ணெயும் பினாயிலும் அப்படியே.

மாட்டு ஊசியைக் குத்துமதிப்பாகப் போடுவது

ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். ஆனால் மாட்டுக்கான மருந்தில் ஒரு சொட்டு கூடினாலே சிறு நாய்க்கு அளவு மீறிவிடும். கோலி (collie) போன்ற சில நாய் இனங்களில் ஒரு மரபணுக் குறைபாட்டால் அது மூளைக்குள் போய்விடும். தள்ளாட்டம், பார்வை மங்கல், மயக்கம், சாவு வரை கொண்டுபோகும். கலப்பின நாயின் ரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது ஃப்ளூரலனர், அஃபாக்சோலனர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் இரண்டு வகைப் பூச்சிக்கும் வேலை செய்யும். சாப்பாட்டில் வைத்துக் கொடுக்கலாம் என்பதால் கையில் பிடிபடாத தெருநாய்களுக்கு இது பெரிய வரம். வலிப்பு வரும் நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாய்க்கு மட்டும் மருந்து

சார்கோப்டிஸ் என்றால் கூடப் பழகும் எல்லா நாய்க்கும் சேர்த்துத்தான்.

முடி முளைத்ததும் நிறுத்துவது

டெமோடெக்ஸில் முடி வருவதும் பூச்சி ஒழிவதும் ஒன்றல்ல. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் பூச்சி இல்லை என்று வர வேண்டும். அதுவரை மருந்து ஓட வேண்டும்.

செவலைக்கு ஐந்தாம் மாதமே பளபளவென்று முடி வந்துவிட்டது. சுரண்டிப் பார்த்தால் உயிரோடு பூச்சி. ஆறாம் மாதமும் ஏழாம் மாதமும் ஒன்றுமில்லை என்று வந்த பிறகே நிறுத்தினோம். தம்பியின் குட்டிக்கு நாளைக் காலையில் சுரண்டிப் பார்க்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.