டிரிப் ஆகவில்லை என்றால் பத்திரமா? மின்கணப்பு மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் வெக்கையில் மின்கணப்பு (எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ்) எதற்கு என்று என் மனைவியே சிரிப்பாள். ஆனாலும் வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. மோண்ட் கியாரா கொண்டோக்களில் டிவிக்குக் கீழே அழகுக்காக மாட்டுகிறார்கள். கேமரன் மலையில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு நிஜக் குளிர். போன வாரம் செந்தூலைச் சேர்ந்த ஒரு தம்பி, தொழிலுக்குப் புதிது, தான் மாட்டியதைப் படம் பிடித்து அனுப்பினான். எக்ஸ்டென்ஷனைச் சுவருக்குள் ஒளித்திருந்தான். நான் பழகிய காலத்தில் செய்த அதே கோளாறு, அச்சு மாறாமல்!

ஈரக்கையால் தொடாதே, மேலே துணி காயப்போடாதே என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

தழலும் சூடும் ஒன்றென்று நினைப்பது

பெரும்பாலான மின்கணப்பில் தெரியும் தழல் வெறும் எல்இடி வெளிச்சம். சுழலும் தண்டில் பதித்த பளபளப்பான தகடுகளில் பட்டு, திரையில் நாக்கு நாக்காக ஆடுகிறது. சூடு தருவது தனியாக இருக்கும் கம்பிச்சுருளும் அதன் விசிறியும். தழலை மட்டும் போட்டால் பல்பு எரிகிற செலவுதான். சூட்டையும் போட்டால் 2000 வாட், மணிக்கு 2 யூனிட். கேமரனில் அது நியாயம்: புகைபோக்கி கட்ட வேண்டாம், கார்பன் மோனாக்சைடு பயமில்லை, ஆள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்கலாம். இங்கே? 2000 வாட் என்பது, ஏர்கோனுக்குச் சொல்லும் பிடியு (BTU) கணக்கில், ஏறக்குறைய 6800. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அறையிலிருந்து வெளியே தள்ளும் சூடே 9000தான். ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் இரண்டையும் மோதவிட்டு, பில் வந்ததும் எனக்குப் போன் செய்கிறார்கள்.

சுவருக்குள் ஒளிந்த எக்ஸ்டென்ஷன்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

தானா ராத்தாவில் ஓர் ஆன்ட்டியின் ஹோம்ஸ்டே. தச்சர் அழகான மரப்பலகைச் சுவர் எழுப்பிவிட்டார். பக்கத்தில் சாக்கெட் இல்லை. நான் என்ன செய்தேன்? ஓர் எக்ஸ்டென்ஷனைப் பலகைக்குப் பின்னால் விட்டு, டிவியையும் கணப்பையும் அதிலேயே சொருகி, மூடிவிட்டேன். போட்டுக் காட்டினேன். டிரிப் ஆகவில்லை, அதாவது மின்சாரம் தானாகத் துண்டித்துக்கொள்ளவில்லை. ஆன்ட்டி டீ கொடுத்தார், வந்துவிட்டேன்.

மூன்று மாதம் ஒன்றுமில்லை. டிசம்பர் பள்ளி விடுமுறையில் தங்கியவர்கள் விடிய விடியச் சூட்டைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். காலையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் பிளக் உருகிச் சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. பின்பக்க மரம் கருகிப்போயிருந்தது. தச்சருக்கு 2800 ரிங்கிட், என் கைக்காசு.

2000 வாட், 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர், அதனால் போகாது. சுமை மிஞ்சினால் துண்டிக்கும் எம்சிபிக்கும் அது அதிகச் சுமை இல்லை. மின்கசிவு இல்லாததால், கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். ஆனால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் சூடு ஏறிக்கொண்டே போகும். இவையெல்லாம் இருக்கும் டிபி பெட்டியில் (வீட்டின் மின்விநியோகப் பெட்டி) எதற்கும் அது தெரியாது. முடி உலர்த்தியும் இதே அளவு இழுக்கலாம். அதைப் பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவோம், கணப்பு எட்டு மணி நேரம் ஓடும்.

“டிரிப் ஆகலையே அண்ணே” என்றான் தம்பி. அன்றைக்கு நான் ஆன்ட்டியிடம் சொன்னதும் அதேதான்.

டிபியிலிருந்து தனி லைன் இழுங்கள்: 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், 20 ஆம்பியர் எம்சிபி. சாக்கெட் பலகைக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பதிவுபெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது. தச்சர் சுவர் எழுப்புவதற்கு முன்பே அவரைக் கூப்பிடுங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்றால் சுவரை உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய கணப்பை மாட்டுவது

அங்கே 120 வோல்ட். இங்கே சொருகினால் 1500 வாட் சுருள் 5500க்கு மேல் இழுக்கப் பார்க்கும். அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல.

காற்று வரும் வாயை அடைப்பது

அடைக்காதீர்கள். சூடு மிஞ்சினால் தானே அணைந்துவிடும், பிறகு “பழுது” என்று என்னைக் கூப்பிடுவீர்கள்.

முதல் நாள் வாடை

சுருளில் படிந்த தூசி. ஐந்து, பத்து நிமிடத்தில் போய்விடும். அரை மணி கழித்தும் வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால் திரும்பப் போடாதீர்கள்.