பழைய ஓட்டைப் புதிதாக விவரிக்கும்போது செய்யக் கூடாதவை

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலோ கொட்டியாரக் குடாவிலோ ஒரு பிடி மணல் அள்ளி, அரிதட்டில் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் ஃபோராமினிஃபெரா ஓடுகள் கண்ணில் படும். ஒரே கலத்தாலான உயிர்கள் கட்டிய குட்டி அறைகள் அவை. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியவை. 1826இல் இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்த டோர்பினி, இவை கணவாயின் உறவுகள் என்றே நம்பினார். 1835இல் துஜார்டன்தான் அதைத் திருத்தினார். அந்தக் காலத்து விவரிப்புகள் பலவும் இரண்டு மூன்று வரிகளோடு நின்றுவிட்டவை. அதனால் அந்த இனங்களை மறுபடி முழுமையாக எழுதும் மீள்விவரிப்பு இன்றும் தேவையான வேலைதான். ஆனால் அரைகுறையாகச் செய்தால் பழைய குழப்பத்துக்கு மேல் இன்னொரு குழப்பம்தான் ஏறும்.

முதல் தவறு, வகைமாதிரியை, அதாவது ஓர் இனப்பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியை, பார்க்காமல் கையிலிருக்கும் மணலை வைத்தே எழுதத் தொடங்குவது. அமோனியா பெக்காரியை எடுத்துக்கொள்ளுங்கள். லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இனம் இது. அதன் மூல இடம், அதாவது மூல மாதிரி கிடைத்த இடம், இத்தாலியின் ரிமினிக் கடற்கரை. பின்னால் வந்தவர்கள் உலகத்துக் கழிமுகங்களில் கிடைத்த இதே சாயல் ஓடுகளுக்கெல்லாம் அந்தப் பெயரையே ஒட்டிவிட்டார்கள். 2004இல் ஹேவார்ட் குழுவினர் டி.என்.ஏ.யையும் ஓட்டின் அளவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அமோனியாவில் பிரித்தறியக்கூடிய 13 மூலக்கூற்று வகைகள் தெரிந்தன. ஆகவே மகாவலி கலக்கும் சேற்றில் கிடைத்த அமோனியாவை வைத்து ‘பெக்காரியின் மீள்விவரிப்பு’ என்று எழுதினால், நீங்கள் விவரிப்பது வேறொரு இனமாக இருக்கலாம்.

மூல மாதிரி தொலைந்திருந்தால் புதியதொரு மாதிரியைத் தெரிவுசெய்ய விலங்குப் பெயரிடல் விதிக்கோவை இடம் தருகிறது. காணி உறுதி தொலைந்தால் அதே காணிக்குத்தான் புது உறுதி முடிக்கலாம். பக்கத்துக் காணியை எழுத முடியாது. இதுவும் அப்படித்தான். புதிய மாதிரி கூடியவரை மூல இடத்துக்குக் கிட்ட இருந்து வர வேண்டும், பெயரின் குழப்பத்தைத் தீர்க்க அது தேவை என்றும் காட்ட வேண்டும். ரிமினி இனத்துக்குத் திருகோணமலை ஓடு அந்த இடத்தை நிரப்பாது.

அடுத்தது, அதிகம் பேர் சறுக்கும் இடம்: ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் புது இனம் என்று எண்ணிவிடுவது. பல ஃபோராமினிஃபெராவில் இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வரும். ஒன்றில் தொடக்க அறை பெரிது, மற்றதில் சிறிது. முழு ஓட்டின் அளவோ பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். நம்முலைட்டிஸ் என்ற பேரினத்தில் இந்த இரு வடிவங்களுக்கும் தனித்தனி இனப்பெயர் வைத்த கதை பிரசித்தம். பவளப் பாறைகளில் வாழும் அம்பிஸ்டெஜினா, வெளிச்சம் கூடிய ஆழமற்ற நீரில் தடித்த ஓடு கட்டும். ஆழம் போகப் போகத் தட்டையாகும். மிதவை வகைகளிலும் இதுதான்: டிரைலோபேட்டஸ் சாக்குலிஃபரின் கடைசி அறை பை போல இருந்தால் ஒரு பெயர், இல்லாவிட்டால் வேறு பெயர் என்று நான்கு பெயர்கள் புழங்கின. மரபணு பார்த்தபோது எல்லாம் ஒன்று. இரண்டு அழகான ஓட்டைப் படமெடுத்து இனம் பிரிப்பவர்களை நான் நம்புவதில்லை. சிறிசு, பெரிசு, உடைந்தது என நிறைய ஓடுகளை அளந்து, சிலவற்றை வெட்டி உள்ளேயும் பாருங்கள்.

சரி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீருமா? தீராது. நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்ற மிதவை இனத்தில் ஓட்டின் இடஞ்சுழியும் வலஞ்சுழியும் குளிராலும் வெப்பத்தாலும் வரும் மாற்றம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006இல் டார்லிங் குழுவினர் இரண்டும் தனி இனங்கள் எனக் காட்டி, வலஞ்சுழிக்கு இன்கொம்ப்டா என்ற பெயரை மீட்டனர்.

நம் குடாவுக்கே உரிய தலையிடி ஒன்றும் உண்டு. கொட்டியாரக் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று நுழைகிறது. மாரியில் ஆற்று வெள்ளமும் வந்து சேரும். இவற்றால் ஓடுகள் இடம் மாறலாம். ஆகவே ஒரே சேற்றில் கிடைக்கும் ஓடுகள் எல்லாம் அங்கேயே வாழ்ந்தவை என்று எடுக்க முடியாது. உயிருள்ளதை ரோஸ் பெங்கால் சாயத்தால் பிரித்தறியாமல் வாழிடத்தைப் பற்றி எழுதாதீர்கள். போமலினில் போட்டால் போரக்ஸ் சேருங்கள், அமிலம் ஓட்டைத் தின்றுவிடும். டி.என்.ஏ. வேண்டுமென்றால் போமலின் பக்கமே போக வேண்டாம். அப்புறம், டி.என்.ஏ. எடுக்கும்போது ஓடு நொறுங்கிவிடக்கூடும். எல்லாப் பக்கமும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் எடுத்துவிட்டே தொடங்குங்கள்.

பெயர் எழுதுவதில் சின்னப் பிழைகள்தான், ஆனாலும் மதிப்பீட்டாளர் உடனே பிடிப்பார். பேரினம் மாறினால் முதலில் பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குள் போகும், இலத்தீன் பால் விகுதியும் மாறும்: நோட்டிலஸ் கிரிஸ்பஸ், எல்ஃபிடியம் கிரிஸ்பம் (லின்னேயஸ், 1758) ஆனது. இணைப்பெயர்ப் பட்டியலை (ஒரே இனத்துக்கு முன்பு வழங்கிய பெயர்களை) முந்தைய கட்டுரையிலிருந்து அப்படியே பிரதி பண்ணுவது இதைவிட மோசம். ஒவ்வொரு பழைய படத்தையும் நீங்களே பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, மாதிரிகளை ஆய்வுகூட அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். சலஞ்சர் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை சேர்த்து, பிராடி 1884இல் விவரித்த ஓடுகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய படங்களுக்கு 1960இல் பார்க்கரும் 1994இல் ஜோன்சும் பெயர்களைத் திருத்தினார்கள். உங்கள் ஓடுகளையும் பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைத்து, பதிவு எண்ணைக் கட்டுரையிலேயே போடுங்கள்.