தாங்கு சுவரில் பாத்ரூம் பெட்டி பதிக்கிறீர்களா? அந்த மூன்று இஞ்ச் கணக்கு தப்பும் இடங்கள்

பழைய வீடுகளில் விளக்கு மாடம் இருக்கும். அதைக் காட்டித்தான் பலரும் கேட்பார்கள்: "அந்தக் காலத்திலேயே சுவரில் குழி விட்டிருக்கிறார்களே, பாத்ரூமில் ஒரு கண்ணாடிப் பெட்டியை உள்ளே தள்ளினால் என்ன?" மாடம் சுவர் எழும்போதே விடப்பட்டது. அதன் தலையில் ஒரு வளைவோ கல் பலகையோ வைத்துவிட்டுத்தான் மேலே கட்டினார்கள். சுவரும் நல்ல கனம். நாம் செய்யப்போவதோ, ஏற்கெனவே மாடியைச் சுமந்து நிற்கும் 9 இஞ்ச் சுவரிலிருந்து செங்கலைப் பிடுங்குவது.

முதல் தவறு, சுவரின் கனத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. பில்லர், பீம் போட்ட வீட்டில் 9 இஞ்ச் வெளிச்சுவர்கூடச் சும்மா இடத்தை அடைக்கும் சுவராக இருக்கலாம். பில்லரே இல்லாத வீட்டில் 4½ இஞ்ச் சுவர் மேல் மாடிப்படியின் திருப்பம் உட்கார்ந்திருக்கலாம். மேல்தளத்தில் அதே கோட்டில் சுவர் வருகிறதா, கூரைக் காங்கிரீட் எந்தச் சுவர்களின் மேல் படிகிறது என்று பாருங்கள். தெளிவாகவில்லை என்றால், கொத்தனாரைக் கூப்பிடும் முன் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மைவான் முறையில் (அலுமினிய அச்சுக்குள் காங்கிரீட் ஊற்றி) வார்த்த அடுக்குமாடி வீடு என்றால் பேச்சே வேண்டாம். அங்கே சுவரே கம்பி போட்ட காங்கிரீட். அதை வெட்டக் கூடாது.

இப்போது ஆழம். செங்கல் சுவர்களுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 1905, குழாய்க்காக வெட்டும் செங்குத்துக் காடி (நீளப் பள்ளம்) சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 9 இஞ்ச் சுவருக்கு அது 3 இஞ்ச். பெட்டிக்கும் அதையே எல்லையாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அரைச் செங்கல் (4½ இஞ்ச்) கனமுள்ள தாங்கு சுவரில் சாரத்துக்கான துளைகளைத் தவிர எதுவும் கூடாது என்பதும் அதில் உண்டு.

தாளில் 3 இஞ்ச் சரி. சுவரில் அது 3 இஞ்சாக நிற்காது. செங்கலின் அகலமே ஏறக்குறைய 4½ இஞ்ச். நீளவாக்கில் கிடக்கும் கல்லில் 3 இஞ்சைச் செதுக்கினால் பின்னால் மிஞ்சுவது ஒன்றரை இஞ்ச் சில்லு. உளியில் நாலு அடி விழுந்தால் அது கலவையை விட்டுக் கழன்று வரும். கொத்தனாரும் "ஆடுது சார், எடுத்துடறேன்" என்று முழுக் கல்லையும் உருவிவிடுவார். மூன்று, நாலரை ஆகிவிட்டது. என் வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் டீ வாங்கப் போன கால் மணி நேரத்தில். குறுக்குவாக்கில் கிடக்கும் கல் இன்னும் முக்கியம். சுவரின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒன்றாகப் பிடித்திருப்பது அதுதான். அதன் தலையைச் சம்மட்டியால் உடைத்தால் அதிர்ச்சி சுவரின் மறுபக்கம் வரை போகும். அடுத்த அறையின் பூச்சில் விரிசல் காட்டும்.

அதனால்தான் இடித்து உடைப்பதைவிடச் சுழன்று வெட்டும் கருவியே மேல் என்று அதே குறியீடு சொல்கிறது. ஆனால் கொத்தனார் கையில் இருக்கும் சின்ன கட்டிங் மெஷின் ஒன்றேகால் இஞ்ச் அளவுக்குத்தான் இறங்கும். மிச்சத்துக்கு உளி வந்துவிடும். பெரிய பிளேடு மெஷினை வாடகைக்கு எடுத்து, ஓரங்களை முழு ஆழத்துக்கு அறுத்துவிட்டு, நடுவில் நெருக்கமாகக் கோடு போட்டுச் சின்ன உளியால் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் இதுவும் வேண்டாம்; ஓட்டைக் கல்லில் கட்டி முடித்தபின் வெட்டவே கூடாது.

லிண்டலை, அதாவது பள்ளத்தின் தலைமேல் எடை தாங்கும் குறுக்குக் கட்டையை, மறப்பது அடுத்த தவறு. 300 மி.மீ.க்கு மேல் அகலமான பள்ளத்தின் மேல் லிண்டல் கட்டாயம். கடையில் விற்கும் கண்ணாடிப் பெட்டிகளில் பல இதைவிட அகலம். 16 இஞ்ச் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் 6 இஞ்ச் உட்கார இடம் விட்டால் லிண்டல் 28 இஞ்ச். வேலையின் வரிசையும் தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் லிண்டலுக்கான காடியை மட்டும் வெட்டி, வார்த்து வைத்த லிண்டலைச் செருகி, மேல் இடைவெளியைச் சுருங்காத கிரவுட் கலவையால் இறுக்கி, அது இறுகிய பிறகே கீழே கை வைக்க வேண்டும். நுரை அடித்து மூடினால் பார்க்க அழகாக இருக்கும், எடை தாங்காது. பெட்டியின் சட்டமும் தாங்காது.

ஜன்னல் ஓரத்திலும் சுவர் மூலையிலும் பள்ளம் வேண்டாம். ஜன்னல் லிண்டல் உட்கார்ந்திருக்கும் இடமே அதுவாக இருக்கும். சுவரின் மறுபக்கம் சமையலறையில் ஏற்கெனவே அலமாரிக் குழி இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். கீசர் வயரும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்பதற்கு, டைல் ஒட்டும் முன் எடுத்த போட்டோ இருந்தால் அதிர்ஷ்டம்.

வெளிச்சுவர் என்றால் இன்னொரு தொல்லை. பள்ளத்துக்குப் பின்னால் மிஞ்சுவது ஆறு இஞ்ச். ஐப்பசி மழையில் ஊறினால் ஈரம் பெட்டியின் முதுகுக்கு வரும். உள்பக்கம் பூசி, வாட்டர்புரூஃப் கோட் அடித்துவிட்டே பெட்டியை ஏற்றுங்கள். பிளைவுட் பெட்டி வேண்டாம். அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது, பூச்சு, டைல் கனத்தையும் சேர்த்து, நாலு இஞ்ச் ஆழம். சுவருக்குள் பதிக்கும் ஃப்ளஷ் டேங்க் வைக்கும் எண்ணம் இருந்தால் அதை மறைக்க எப்படியும் முன்னால் ஒரு மெல்லிய சுவர் எழுப்புவார்கள். அதை இடுப்போடு நிறுத்தாமல் தலை உயரம் வரை ஏற்றி, பெட்டிக்கு இடம் விட்டே கட்டச் சொல்லுங்கள். பின்னால் நிற்கும் 9 இஞ்ச் சுவரை யாரும் தொட வேண்டியதில்லை.