கே-பாப் கூட்டுப் பாடல்களைக் கேட்டுத் தொகுப்பது எப்படி?

கொரியப் பாப் கலைஞர்கள் சேர்ந்து பாடிய பாடல்களைத் தேடத் தொடங்கினால் முடிவே இராது. அவற்றுள் பல, ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் எட்டு வரி ராப் பாடிவிட்டுக் கிளம்பிப் போனவையாகவே இருக்கும். ஆகவே, விருந்தாளி வந்ததால் பாட்டு வேறொன்றாக மாறியதா என்று ஒவ்வொரு பாடலையும் கேட்டுப் பாருங்கள். மாறாதவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

முதலில், பாடலின் பெயரை ஒட்டி வரும் சிறு குறிப்பைப் படிக்கப் பழக வேண்டும். 'ஃபீட்.' என்று இருந்தால் அடுத்து வரும் பெயர் விருந்தினருடையது. பாட்டின் சொந்தக்காரர் முதலில் நிற்பவர். 'ப்ராட்.' என்றால் இசையை உருவாக்கித் தயாரித்தவர். இரண்டு பெயர்கள் இணையாக நின்றால் பாட்டில் இருவருக்கும் சமபங்கு என்று கொள்ளலாம்.

இந்தக் குறிப்புகளைப் புரிந்துகொள்ள 2020 மே மாதம் வெளிவந்த 'எய்ட்' பாடலில் தொடங்குவதே நல்லது. பாடகி ஐயூவின் பாடலான இதில் பிடிஎஸ் குழுவின் சுகா தயாரிப்பாளராகவும் விருந்தினராகவும் இருக்கிறார். 'எட்டு' என்ற தலைப்பு இருவரின் வயதான இருபத்தெட்டிலிருந்து வந்தது. இருவரும் 1993இல் பிறந்தவர்கள் என்பதால் கணக்கு இடிக்கிறதே என்று தோன்றும். பிறந்தவுடன் ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது என்று கூட்டும் கொரிய வழக்கத்தில் 2020இல் இருவருக்கும் 28. முதல் முறை ஐயூவின் குரலை மட்டும் கேளுங்கள். அடுத்த முறை குரல்களை விட்டுவிட்டு கிட்டாரைப் பின்தொடருங்கள். மூன்றாம் முறை சொற்களின் பொருளை வைத்துக்கொண்டு கேளுங்கள். துள்ளலான இசைக்கு அடியில் இழப்பைப் பற்றிய சொற்கள் ஓடுவது அப்போதுதான் உறைக்கும். 2023 ஏப்ரலில் சுகா, அகஸ்ட் டி என்ற தம் தனிப்பெயரில் வெளியிட்ட 'பீப்பிள் பார்ட் 2' பாடலில் ஐயூ விருந்தினராகப் பாடினார். மொய் திரும்பி வந்தது போன்ற இந்த இணையைத் தொகுப்பில் அடுத்தடுத்து வையுங்கள்.

அதே வயதுக் கணக்கு 2017 ஏப்ரலில் வந்த 'பேலட்' பாடலுக்கும் திறவுகோல். கொரியக் கணக்கில் அப்போது இருபத்தைந்து வயதான ஐயூ, தமக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று நாட்குறிப்பு எழுதுவது போலப் பாடிக்கொண்டே போகிறார். பின்பாதியில் பிக்பேங் குழுவின் ஜி-டிராகன் நுழைந்து, மேடைப் பெயரை விட்டுவிட்டு ஐயூவின் இயற்பெயரான ஜியூனைச் சொல்லி அழைத்து, இப்போதுதான் முப்பதைத் தொட்ட அண்ணன் என்ற உரிமையோடு பேசத் தொடங்குகிறார். அதுவரை தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த பாட்டு அந்த ஒரு விளியில் உரையாடலாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், கே-பாப்பில் விருந்தினராக வருவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

அடுத்து, கலைஞர்களை நிர்வகிக்கும் வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் சந்திக்கும் டூயட்டுகளைத் தேடலாம். மிஸ் ஏ குழுவின் சூசியும் எக்ஸோ குழுவின் பெக்ஹியூனும் 2016 ஜனவரியில் பாடிய 'ட்ரீம்', ஜேஒய்பி, எஸ்எம் என்னும் இரு போட்டி நிறுவனங்களின் நட்சத்திரங்களை ஒரே பாட்டில் உட்கார வைத்தது. ஜாஸ் சாயல் கொண்ட அந்த மெட்டில் யாரும் யாரையும் மிஞ்ச முயலவில்லை என்பதே அதன் அழகு. 2014இல் சிஸ்டார் குழுவின் சோயூவும் ஆர்&பி பாடகர் ஜங்கிகோவும் பாடிய 'சம்' கொரியாவில் அவ்வாண்டின் பெரும் வெற்றிகளில் ஒன்று. காதல் என்று சொல்லிக்கொள்ளாத, வெறும் நட்பு என்றும் ஒதுக்க முடியாத நிலைக்குக் கொரிய இளைஞர்கள் வழங்கும் சொல்லே அதன் தலைப்பு. எனவே இரண்டு குரல்களும் நெருங்கி வந்து விலகும் இடங்களைக் கவனியுங்கள்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கான ஓஎஸ்டி எனப்படும் பின்னணிப் பாடல்களும் ஒரு சுரங்கம்தான். 'காப்ளின்' தொடருக்காக எக்ஸோவின் சான்யோலும் பாடகி பன்ச்சும் பாடிய 'ஸ்டே வித் மீ' ஒன்றே தொடங்கப் போதும்.

மேடைக்கென்று மட்டும் அமைந்த கூட்டணிகள் பல, பாட்டுச் செயலிகளில் கிடைக்காது. ஆண்டு இறுதியில் கேபிஎஸ், எஸ்பிஎஸ், எம்பிசி ஆகிய தொலைக்காட்சிகள் நடத்தும் இசைவிழாக்களின் சிறப்பு நிகழ்ச்சிகளை யூடியூபில்தான் பிடிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் தேடினால் ரசிகர்கள் வெட்டி ஒட்டிய துண்டுகளே முன்னால் வருகின்றன. இரு கலைஞர்களின் பெயர்களையும் விக்கிப்பீடியாவிலிருந்து கொரிய எழுத்திலேயே நகலெடுத்து, நிகழ்ச்சியின் ஆண்டையும் சேர்த்து இட்டால் ஒளிபரப்பாளர்களின் சொந்தப் பதிவு கண்ணில் படும் வாய்ப்பு கூடும்.