வெப்கேமில் ஓடும் பட்டைகளை நிறுத்த

லினக்ஸில் வெப்கேம் பெரும்பாலும் செருகியதுமே வேலை செய்துவிடும். யூஎஸ்பி கேமராக்களை இயக்கும் யூவிசி டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடேயே வருகிறது. ஆனால் இரவு வீடியோ காலில் முகத்தின் மேல் மங்கலான பட்டைகள் ஓடும். உடனே புது கேமரா வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகள் பலவும் அதனால் சுற்றுக்கு இரண்டு முறை என நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. கேமராவோ அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு வைக்கப்பட்டிருந்தால் இந்த மினுக்கலோடு ஒத்துப்போகாது, பட்டை விழும்.

சாஃப்ட்வேர் சென்டரில் 'ஜி-யூ-வி-சி-வியூ' (guvcview) என்ற சின்ன புரோகிராம் இலவசமாகக் கிடைக்கும். அதில் இமேஜ் கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய் 'பவர் லைன் ஃப்ரீக்வென்சி'யை 50 என்று மாற்றுங்கள். மாற்றிய கையோடு படம் தெளிவதைப் பார்க்கலாம். அப்புறம் அதை மூடிவிட்டே மீட்டிங்கைத் திறங்கள். ஒரே கேமராவை இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் எடுக்கப் பார்த்தால் தகராறுதான்.

ஒரு தொல்லை: கேபிளைப் பிடுங்கிச் செருகினாலோ ரீபூட் செய்தாலோ சில கேமராக்கள் பழைய 60க்கே போய்விடும். மறுபடி மாற்றத்தான் வேண்டும். உங்கள் கேமராவில் இந்த அமைப்பே இல்லையென்றால், பல்பை மாற்றிப் பாருங்கள்.